பைக்குழலின் பூர்வீகம்

கண்டி மாநகரில் எசல பெரஹர நடைபெறும் இரவுகளில், தலதா மாளிகையின் ஹேவிசி வாத்தியக்காரர்கள் அணிவகுத்துச் செல்வதை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். தவுல், தம்மெட்டம என்னும் முழவுகளின் முழக்கத்தையும் ஊடறுத்துக்கொண்டு ஒரு கூரிய நாதம் எழும். அதுதான் ஹொரணேவ. அளவிலே சிறியதாயினும் நமது நாகசுரத்தின் உறவினமான குழல் அது. அடுத்த முறை அதனைக் கேட்கும்போது, காதை மட்டுமன்றிக் கண்ணையும் அதன்மேற் செலுத்துங்கள். ஊதுகின்றவருடைய கன்னங்கள் இரண்டும் பந்துபோற் பருத்திருக்கும். நெடுநேரமாகியும் நாதம் அறுவதில்லை. அவர் மூச்சு வாங்குவதாகவே தோன்றாது. உண்மையில் அவர் மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருக்கின்றார். மூக்கினாலே காற்றை உள்ளிழுக்கும் அதே கணத்தில், கன்னங்களிற் சேமித்து வைத்த காற்றைக் குழலுக்குள் பிழிந்து விடுகின்றார். பல மாதப் பயிற்சியினாற் கைவரும் வித்தை இது.

கன்னத்தின் இந்தத் தொழிலைத் தோற்பை ஒன்றிடம் ஒப்படைத்தால் என்ன என்று என்றோ ஒருவன் எண்ணினான். அந்த எண்ணத்தின் விளைவே ஆங்கிலத்திலே பாக்பைப் என்று வழங்கும் வாத்தியம். நாம் அதனைப் பைக்குழல் என்போம். அதன் பூர்வீகத்தைப் பற்றியே இன்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

பைக்குழல் என்றதும் பாவாடை போன்ற கட்டம்போட்ட உடையணிந்த ஸ்கொத்லாந்துக்காரர் ஒருவரே நம் மனக்கண்முன் வந்து நிற்பார். கண்டிச் சீமையைச் சேர்ந்தவர்களுக்கு அவ்வாறு தோன்றுவதில் வியப்பில்லை. 1815ஆம் ஆண்டு இவ்விராச்சியம் ஆங்கிலேயர் வசமானது. அதன்பின் 1826 முதல் 1837 வரை 78ஆவது ஹைலண்டர் படைப்பிரிவு இலங்கையில் இருந்தது. கோப்பியும் தேயிலையும் பயிரிட வந்த துரைமார்களிலும் ஸ்கொத்லாந்துக்காரர் ஏராளம். கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கங்கைப் பாலத்தைக் கடந்து கண்டியை நோக்கி வரும் வழியிலே மகியாவ என்னும் இடம் இருக்கிறது. 1867ஆம் ஆண்டு லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் என்பவரின் கல்லறை அங்குள்ள மயானத்திலேதான் இருக்கிறது. அவர் பிறந்தது ஸ்கொத்லாந்தின் கின்காடின் பகுதியில். ஹோலிரூட், டன்சினேன், பல்மோரல் என்று தம் தாய்நாட்டுப் பெயர்களையே அத்துரைமார் நம் மலைகளுக்கு இட்டுச் சென்றனர். அப்பெயர்கள் இன்றும் தோட்ட மக்களின் நாவிலே தமிழ் உருவம் பெற்று வாழ்கின்றன. ஆனால் அவர்களுடைய குழல் நம் மக்களிடையே பரவவில்லை. விடியற்காலையிற் பிரட்டுக்களத்திற்கு ஆள் கூட்டியது தப்பேயன்றிப் பைக்குழல் அன்று.

ஆகவே, அது ஸ்கொத்லாந்தின் சொத்து, வெள்ளைக்காரருடன் வந்தது, அவர்களுடனே போயிற்று என்று நாம் இருந்துவிட்டோம். இந்த எண்ணத்தில் முற்பகுதி சரியன்று. பைக்குழல் ஸ்கொத்லாந்திலே பிறந்ததும் அன்று. தென்னாட்டுக்கு அது முற்றிலும் புதியதும் அன்று.

முதலில் அதன் அமைப்பைப் பார்ப்போம். ஆட்டுத்தோலைக் கிழிக்காமல் முழுப் பையாக உரித்தெடுத்து, பதப்படுத்தி, துவாரங்களைக் கட்டிவிடுவார்கள். முன்னங்கால் இருந்த இடத்தில் ஓர் ஊதுகுழலைச் செருகுவர். உட்சென்ற காற்று திரும்பி வராதபடி அதன் உள்வாயில் ஒரு தோல் அடைப்பு இருக்கும். கழுத்து இருந்த இடத்தில், விரல்வைக்கும் துளைகளையுடைய இசைக்குழலைப் பொருத்துவர். சுருதிக்கென்று துளையில்லாத ஒத்துக்குழல் ஒன்றோ பலவோ வேறொரு வாயில் இருக்கும். இக்குழல்களின் தலையிலே நாணலாற் செய்த சீவாளி உண்டு. ஆனால் அச்சீவாளி ஊதுபவரின் உதட்டிலே படுவதில்லை. மரக்குழியின் உள்ளே மறைந்திருக்கும். ஊதுபவர் பையை நிரப்பி, அக்குளில் இடுக்கி, முழங்கையால் அழுத்துவார். தாம் மூச்சு வாங்கும் வேளையில் அழுத்தத்தைச் சற்றுக் கூட்டிக்கொள்வார். நாதம் ஓடிக்கொண்டேயிருக்கும். சீவாளி உதட்டிலே படுவதில்லை என்று சொன்னேன் அல்லவா? அதனை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நமக்கு அது வேண்டியிருக்கும்.

குழலும் சீவாளியும் மிகப் பழையன. மெசொப்பொத்தேமியாவின் ஊர் என்னும் நகரத்தில் லெனார்ட் வூலி அகழ்ந்தெடுத்த வெள்ளி இணைக்குழல்கள் ஏறக்குறைய 4500 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. தோற்பையும் அத்துணைப் பழையதே. நீர் சுமக்கவும், கொல்லன் உலையை ஊதவும் மனிதன் அதனை நெடுங்காலமாகப் பயன்படுத்தினான். ஆனால் குழலும் பையும் எந்த நாளில், எந்த ஊரிற் கூடின என்பதற்குச் சாசனம் இல்லை. இருக்கவும் இயலாது. தோல் மக்கிப்போகும், மரம் உளுத்துப்போகும்; ஆட்டிடையனுடைய வாத்தியத்தை எந்த அரசனும் கல்லறையில் வைத்துப் புதைப்பதில்லை. துருக்கி நாட்டில் இத்தைத்து மக்கள் செதுக்கிய ஒரு சிற்பத்தைக் காட்டி, இதுவே முதற் பைக்குழல் என்று சிலர் வாதித்ததுண்டு. அச்சிற்பத்தில் உள்ளது பைதானா என்பதே ஐயம் என்று மறுத்தாரும் உளர்.

ஐயத்துக்கு இடமற்ற சான்று உரோமாபுரியிலிருந்து வருகிறது. அதற்கு முன் ஒரு கிரேக்கக் கதை. அதீனா என்னும் தேவி இணைக்குழலை ஊதி மகிழ்ந்தாளாம். நீரிலே தன் உருவத்தைப் பார்த்தபோது, ஊதிப் பருத்த கன்னங்கள் முகத்தின் அழகைக் கெடுப்பதைக் கண்டு, குழலை வீசியெறிந்துவிட்டாளாம். இக்கதையை மனதிற்கொண்டே கி.பி. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த தியோ கிறிசொஸ்தொம் என்ற கிரேக்க நாவலர் ஒரு செய்தியைச் சொல்கிறார். தம் காலத்து அரசன் ஒருவன் வாயினாலும் குழல் ஊதுவான், அதீனாவுக்கு நேர்ந்த பழி தனக்கு நேராதபடி அக்குளிலே பையை இடுக்கியும் குழல் இசைப்பான் என்பது அச்செய்தி. பெயர் சொல்லாவிட்டாலும் நீரோ மன்னனையே அவர் குறிக்கிறார் என்பது அறிஞர் கொள்கை. சுவெத்தோனியஸ் என்ற வரலாற்றாசிரியர் நீரோவின் பெயரையே சொல்லிவிடுகிறார். ஆட்சி ஆட்டங்கண்ட இறுதி நாட்களில், அரியணை தப்பினால் வெற்றி விழாவிலே நீர்விசை ஓர்கனும் பைக்குழலும் வாசிப்பதாக அவன் பொருத்தனை செய்தானாம். அரியணையும் தப்பவில்லை, அவனும் தப்பவில்லை, கி.பி. 68இல் தற்கொலை செய்துகொண்டான். உரோமாபுரி எரிந்தபோது நீரோ பிடில் வாசித்தான் என்று நாம் பழமொழிபோலச் சொல்கிறோம். பிடில் தோன்றுவதற்கோ இன்னும் பல நூற்றாண்டுகள் கிடந்தன. அவனிடம் யாழ் இருந்தது, பைக்குழலும் இருந்தது.

உரோமப் படைகளே பைக்குழலைப் பிரித்தானியாவுக்குக் கொண்டுசென்றன என்று பல நூல்களில் எழுதியிருக்கும். இது அழகான ஊகம். போதிய சான்று இல்லாத ஊகம். நீரோவுக்குப் பின்னர் பல நூற்றாண்டுகள் வாத்தியம் கண்ணுக்குத் தெளிவாகத் தென்படுவதில்லை. பின்பு 13ஆம் நூற்றாண்டிலே ஸ்பானிய மன்னன் பத்தாம் அல்போன்சோவின் அவையில் எழுந்த பக்திப் பாடற் சுவடியின் ஓவியங்களில் அது பகட்டாகத் தோன்றுகிறது. அதன்பின் ஐரோப்பாவில் அது இல்லாத ஊரே இல்லை எனலாம். இங்கிலாந்தின் சோசர் 14ஆம் நூற்றாண்டில் எழுதிய காவியத்தில், யாத்திரிகர் கூட்டத்தை நகருக்கு வெளியே வழிநடத்திச் செல்பவன் பைக்குழல் ஊதும் மாவாலைக்காரன். ஜெர்மனியின் டூரர் 1514இல் ஒரு பைக்குழற்காரனைச் செப்புத்தகட்டிற் செதுக்கினார். பிளாந்தர் நாட்டு புரூகலின் குடியானவர் கல்யாண ஓவியத்திலும் இருவர் நின்று ஊதுகின்றனர். இவர்களுள் ஒருவராவது ஸ்கொத்லாந்தின் மலைநாட்டவர் அல்லர் என்பதைக் கவனியுங்கள். ஸ்கொத்லாந்திலோ பழைய சான்றுகளுள் ஒன்று மெல்ரோஸ் மடாலயத்துக் கற்சிற்பம். அங்கே பைக்குழல் ஊதுவது ஒரு பன்றி!

இனிக் கீழ்த்திசைக்கு வருவோம். பாரசீக வளைகுடாக் கரைகளில் அதன் பெயர் நேய் அன்பான். நேய் என்றால் குழல், அன்பான் என்றால் பை. வட இந்தியாவில் அது மசக். தெருவுக்குத் தெரு நீர் சுமந்து விற்ற பிஸ்தியின் தோற்பைக்கும் அதே பெயர்தான். இராஜஸ்தானத்திலே பைரவர் வழிபாட்டில் மசக் ஊதுவோர் உண்டு. தென்னாட்டில் ஆந்திரர் அதனைத் தித்தி என்றனர். தோற்பை என்பதே அதற்கும் பொருள். தமிழ்நாட்டிலே துருத்தி என்றும், சாஸ்திரப் பெயராகச் சுருதி உபாங்கம் என்றும் வழங்கினர். 1891ஆம் ஆண்டு தென்னிந்திய வாத்தியங்களைப் பற்றி நூல் வெளியிட்ட சி. ஆர். டே என்ற ஆங்கிலப் படைத்தலைவர் இவ்வாத்தியத்தையும் அதில் விவரித்திருக்கிறார். ஆட்டுத்தோல் முழுப்பை, ஊதுவதற்கு ஒரு குழல், நாதத்துக்கு ஒரு குழல். விரல் வைக்கத் துளை கிடையாது. நாட்டுப்புறப் பாட்டுக்கும் பஜனைக்கும் சுருதி கொடுப்பது ஒன்றே அதன் வேலை.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. உலகின் பல பாகங்களிலும் பையின்மேற் பாட்டையே ஏற்றினார்கள். தென்னாட்டிலோ பை இருந்தும், குழல் இருந்தும், சீவாளி இருந்தும், பைக்குச் சுருதியை மட்டும் கொடுத்து நிறுத்திவிட்டார்கள். ஏன்?

என் கருத்து இது. பை மூச்சைத் தருகிறது. அதற்கு விலையாக உதட்டையும் நாவையும் எடுத்துக்கொள்கிறது. நாகசுர வித்துவான் ஒருவர் தோடியோ கல்யாணியோ வாசிக்கும்போது என்ன செய்கிறார்? விரல் துளையை மூடித் திறப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி சீவாளியை அவர் உதடு பற்றும் பிடியிலும், ஊதும் காற்றின் அளவிலும் இருக்கிறது. சுரங்களின் இடையே உள்ள நுண்ணிய அசைவுகள், கமகங்கள் எல்லாம் அங்கேதான் பிறக்கின்றன. நாவினாற் சீவாளியைத் தட்டித் தட்டி வாசிப்பது துத்துகாரம். சீவாளி பைக்குள்ளே மறைந்துவிட்டால் துத்துகாரம் ஏது? ஒரு சுரத்தை மெலிதாய்த் தொடங்கி வலிதாய் வளர்ப்பது ஏது? பைக்குழலில் நிறுத்தமும் இல்லை, ஏற்றத்தாழ்வும் இல்லை. இராகத்தைப் பாடவேண்டிய குழலுக்குப் பை உதவாது. மாறாமல் நிற்கவேண்டிய சுருதிக்கோ பையைப்போல உதவுவது வேறில்லை. தென்னாட்டார் பையை அறியாமல் விட்டவர்கள் அல்லர். அறிந்து, அதற்கு ஏற்ற வேலையைக் கொடுத்தவர்கள் என்றே நான் கொள்கிறேன்.

கோயில் நாகசுரத்துக்கு அந்தப் பையும் வேண்டாம் என்று மனிதனையே வைத்தார்கள். அவரே ஒத்துக்காரர். கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலாயினும் சரி, தஞ்சைப் பெருங்கோயிலாயினும் சரி, பழைய மேளக்கட்டு என்றால் அதில் ஒத்து ஒன்று இருக்கும். துளைகளில் மெழுகை அடைத்துச் சுருதி சேர்த்த நீண்ட குழலை ஏந்தி, ஹொரணேவக்காரரைப் போலவே கன்னத்தைப் பையாக்கி, ஒரே சுரத்தை மணிக்கணக்காக விடாது ஊதுவார். அவர் மூச்சு அறுந்தால் கச்சேரியே அறுந்துவிடும். அத்தகையவர் பெயரை வைத்துக்கொண்டுதான், பிறர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகின்றவனை நாம் ‘ஒத்து ஊதுகிறான்’ என்று இழித்துப் பேசுகிறோம். நன்றிகெட்ட வழக்கு!

இனி ஸ்கொத்லாந்துக்காரர் செய்ததைப் பாருங்கள். அவர்கள் பாட்டு, சுருதி இரண்டையும் ஒரே பையின்மேல் ஏற்றினார்கள். இன்றைய மலைநாட்டுப் பைக்குழலில் இசைக்குழல் ஒன்று, ஒத்துக்குழல்கள் மூன்று. இசைக்குழலுக்கு ஒன்பது சுரங்கள் மட்டுமே. ஒரே சுரத்தை இருமுறை வாசிக்க வேண்டுமானால் நடுவே நிறுத்த இயலாது; நாவும் இல்லை. ஆகவே இரண்டுக்கும் இடையில் வேறொரு சுரத்தை மின்னல்போல் விரலாற் சுண்டிச் செல்வார்கள். இந்தச் சுண்டுதல்களே நாளடைவிற் பெருகி, ஒழுங்குபட்டு, ஓர் அலங்கார இலக்கணமாயின. நம்முடைய கமகம் குறையில்லாத கருவியிலிருந்து பிறந்தது. அவர்களுடைய அலங்காரம் கருவியின் குறையிலிருந்து பிறந்தது. எது உயர்வு என்று கேட்பது வீண். ஸ்கை தீவிலே மக்கிரிமன் என்னும் குடும்பத்தார், மக்கிளவுட் என்னும் குலத்தலைவர்க்குப் பரம்பரை வாத்தியக்காரராக இருந்து, இக்கலையை உச்சத்திற்குக் கொண்டுசென்றனர். பாடத்தைக் கடதாசியில் எழுதிக் கொடுப்பதில்லை. குழலின் ஒலிகளுக்கு ஏற்ற சொற்கட்டுகளைப் பாடிப் பாடியே சீடனுக்கு ஏற்றினர். நம் தவிற்காரரும், கண்டிய முழவுக்காரரும் இன்றும் அவ்வாறேதான் கற்பிக்கிறார்கள்.

இக்கலையை முதன்முதல் நூலாக எழுதியவர் ஜோசப் மக்டொனல்ட் என்ற இளைஞர். ஏறக்குறைய 1760ஆம் ஆண்டிலே அதனை எழுதினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் சேவைக்காகக் கப்பலேறி இந்தியா வந்தவர், சில ஆண்டுகளுக்குள்ளே இறந்துபோனார். கையெழுத்துப் படி பிழைத்தது. அவருடைய தமையனார் அதனை அச்சிட்டது 1803ஆம் ஆண்டு. அது ஆங்கிலேயப் படை முதன்முறை கண்டிக்குள் நுழைந்து அழிந்த ஆண்டு என்பது நமக்கு நினைவிருக்கும்.

1746இல் கல்லோடன் போரிலே மலைநாட்டார் தோற்றபின், பைக்குழலைச் சட்டம் தடைசெய்தது என்று பலரும் நம்புகின்றனர். அந்நாளைய சட்டத்தில் ஆயுதமும் மலைநாட்டு உடையும் விலக்கப்பட்டனவேயன்றிப் பைக்குழல் என்ற சொல் இல்லை. நடந்தது வேறு. அதே ஆண்டு யோர்க் நகரில் ஜேம்ஸ் ரீட் என்ற குழற்காரர்மேல் இராசத்துரோக வழக்கு வந்தது. நான் வாள் ஏந்தவில்லை, குழலே ஊதினேன் என்றார் அவர். மலைநாட்டுப் படை குழலில்லாமற் புறப்படுவதில்லை, ஆகவே குழலும் போர்க்கருவியே என்று கொண்டு அவரைத் தூக்கிலிட்டார்கள். அந்தக் குழலையே பின்னர் ஆங்கில அரசு தன் படைக்குப் பயன்படுத்திக்கொண்டது. ஹைலண்டர் படைகளின் அதிகாரிகள் தம் சொந்தச் செலவிற் குழற்காரரை வைத்திருந்தனர். பதிவேட்டில் அவர்களுக்கு முறையான இடம் கிடைத்தது 1854இலேதான். அதுவரை அவர்களை முரசறைவோர் கணக்கில் எழுதிவந்ததும் உண்டு.

குடியானவர் கல்யாணத்திலும் இடையர் மேய்ச்சலிலும் இருந்த எத்தனையோ பைக்குழல்கள் தத்தம் ஊரிலே தங்கிவிட, ஸ்கொத்லாந்தின் குழல் மட்டும் உலகமெங்கும் தெரிந்த காரணம் இதுவே. அது படையோடு நடந்தது. படை எழுதி வைத்துக்கொள்ளும், படம் பிடித்துக்கொள்ளும். தென்னாட்டுத் துருத்தியைச் சுமந்தவன் படையோடு போனவன் அல்லன். அவனுடைய வாத்தியத்துக்கு டே துரையின் நூலைப் போன்ற சில ஏடுகளே மிஞ்சின. இன்று சுருதி தருவது மின்சாரப் பெட்டி. துருத்தியை மட்டுமன்று, ஒத்துக்காரரையும் பல மேடைகளிலிருந்து அது அகற்றிவிட்டது. இந்தியப் படையின் மதராஸ் ரெஜிமெந்திலோ, தமிழ் இளைஞர்கள் மலைநாட்டுப் பைக்குழலை அணிவகுப்பிலே வாசிக்கின்றனர். அக்குழல்களைச் செய்து ஏற்றுமதி செய்வதிற் பெயர்பெற்ற நகரம் ஸ்கொத்லாந்தில் இல்லை, பாகிஸ்தானத்துச் சியால்கோட்.

நேயர்களே, என்றேனும் ஒரு பைக்குழல் வாத்திய கோஷ்டியைக் கேட்க வாய்த்தால், பாட்டுத் தொடங்குமுன்பே காது கொடுங்கள். வாசிப்பவர் பையை நிரப்பி, உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார். அப்போது முதலில் எழுவது பாட்டன்று. தோளின்மேற் சாய்ந்திருக்கும் மூன்று ஒத்துக்குழல்களின் சுருதி. இசைக்குழல் அதன்பின்னரே வந்து சேர்ந்துகொள்ளும்.